நீலக்கோட்டுக்கு மேலே

டென்வர் நகரிலிருந்து வடமேற்கே போல்டருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 1952-இல் சுங்கச் சாலையாகத் திறக்கப்பட்டு, அதற்காக வாங்கிய கடன் தீர்ந்ததும் 1967-இல் சுங்கம் நீக்கப்பெற்றது. ஒன்றைப்போலவே மற்றொன்று அமைந்த வீட்டு வரிசைகளும், பண்டகசாலைகளும், கார்கள் நிறைந்த மைதானங்களுக்கு நடுவே அகன்று பரந்த கடைகளுமாக, அமெரிக்கப் பெருநகரம் எதன் விளிம்பிலும் காணக்கூடிய காட்சிகளே அதன் இருமருங்கிலும் முதலில் வந்துகொண்டிருக்கின்றன. பிறகு சாலை நீண்டதொரு மேட்டின்மீது ஏறுகிறது. ஏறி முடிந்ததும், கீழே மரங்களுக்குள் பாதி மறைந்த ஓர் ஊரும், அந்த ஊரின் முதுகை ஒட்டினாற்போல் திடுமென்று எழும் மலைத்தொடரும், மலையின் முகப்பில் சாய்ந்து நிற்கும் செந்நிறப் பாறைப் பலகைகளும் ஒருங்கே கண்ணிற் படுகின்றன. பஸ்ஸில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவர், நாள்தோறும் பார்க்கும் காட்சியாக இருந்தும், கையிலிருந்த பேசியிலிருந்து தலையை உயர்த்தி ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் குனிந்தார்.

மலையைக் காட்டிலும் என் கவனத்தை ஈர்த்தது மலைக்கு முன்னால் இருந்த புல்வெளி. பின்னால் விட்டுவந்த ஊர்களுக்கும் முன்னால் தெரிந்த ஊருக்கும் இடையில் ஒரு வீடுகூட இல்லாமல், மாடுகள் மேய்ந்துகொண்டு, மைல் கணக்கில் அது கிடந்தது. மனைக்கு இத்தனை கிராக்கியுள்ள பிரதேசத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய சமநிலம் தானாகவே இவ்வாறு கிடக்காது. ஒவ்வொரு துண்டாகப் பேரம் பேசி, பத்திரம் எழுதி, பணம் கொடுத்து வாங்கி, அதில் எதையும் கட்டுவதில்லை என்று ஒரு நகரசபை தீர்மானித்ததன் பயன் அந்தப் புல்வெளி.

மலைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளவர் கொலராடோவில் போல்டரை நாடி வரவேண்டிய அவசியமில்லை. சற்று வடமேற்கே, 1915-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ராக்கி மலைப் பகுதி இருக்கிறது. மாநிலத்தின் மேற்குப் பாதி முழுவதும் மத்திய அரசின் வனங்கள் விரிந்து கிடக்கின்றன. அவையெல்லாம் தேசத்தின் சொத்து. வாஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டங்களால் நிலைபெற்றவை. போல்டரின் விசேஷம் வேறு. ஒரு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனத்தொகையுள்ள இவ்வூரைச் சுற்றி 46,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் நகரசபையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதனூடே ஏறக்குறைய 155 மைல் நீளத்துக்கு நடைபாதைகள் செல்கின்றன. தெருவிளக்குப் போடுவதும் குப்பை வாருவதும் சாக்கடையைப் பராமரிப்பதும் எந்த ஸ்தாபனத்தின் கடமையோ, அதே ஸ்தாபனம்தான் பருந்தின் கூட்டையும் காட்டெலியின் வளையையும் காத்துவருகிறது. இது எவ்வாறு நேர்ந்தது என்று அறியும் ஆவலே என்னை இங்கே வரச்செய்தது.

ஊரின் தென்மேற்கு மூலையில், தெருக்கள் முடிந்து புல்மேடு தொடங்கும் இடத்தில், ஷடாக்வா என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், கோடைக்காலத்தில் குடும்பத்தோடு ஓரிடத்தில் கூடி, பிரசங்கமும் சங்கீதமும் கேட்டு, இயற்கையின் நடுவே சில வாரங்கள் தங்கி வருவது அமெரிக்க மத்தியதர மக்களிடையே ஓர் இயக்கமாகவே வளர்ந்திருந்தது. டெக்ஸாஸ் மாநிலத்து ஆசிரியர்கள் வெயிலுக்குத் தப்பித் தங்குவதற்குக் குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடியபோது, தங்கள் ஊருக்கு வருமாறு போல்டர்க்காரர்கள் அழைத்தார்கள். அழைத்ததோடு நில்லாமல், 1898-ஆம் ஆண்டு வசந்தத்தில் ஓட்டெடுத்து, கடன்பத்திரம் வெளியிட்டு, மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றை வாங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி ஷடாக்வா திறக்கப்பட்டது. அப்போது எழுப்பிய மரத்தாலான பிரசங்க மண்டபத்தில் இன்றும் கோடைக்காலக் கச்சேரிகள் நடக்கின்றன. அப்போது கட்டிய போஜனசாலையின் தாழ்வாரத்தில் அமர்ந்து இன்றும் காலை உணவு அருந்தலாம். நான் அருந்தினேன், உணவைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை, தாழ்வாரத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம்.

போல்டர்க்காரர்களின் அந்தச் செயலில் பரோபகாரத்தோடு வியாபாரமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. விருந்தினர் வந்தால் கடைகளில் விற்பனை நடக்கும். ரயில் கம்பெனிக்குப் பயணச் சீட்டு விற்கும். ஆனால் லாபத்தை எண்ணித் தொடங்கிய காரியம் பழக்கமாக மாறிவிட்டது. மறு ஆண்டே, ஊருக்குப் பின்னால் மத்திய அரசின் வசமிருந்த மலைச்சரிவில் 1,800 ஏக்கரை நகரம் கேட்டுப் பெற்றது. பத்தாண்டுகளுக்குள், நியூயார்க் நகரின் மத்தியப் பூங்காவை வகுத்தவரின் மகனும் தந்தையின் தொழிலையே மேற்கொண்டவருமான இளைய ஓம்ஸ்டெட்டை, ஊர் முன்னேற்றச் சங்கத்தார் வரவழைத்து ஆலோசனை கேட்டார்கள். அவர் 1910-இல் அளித்த அறிக்கையில், ஊரின் நடுவே ஓடும் போல்டர் ஓடையைக் கரைகட்டி நெருக்காமல், வெள்ளம் பரவுவதற்குரிய தாழ்நிலத்தை அதற்கே விட்டுவைத்து, வெள்ளமில்லாத காலத்தில் மக்கள் அதைப் பூங்காவாக உபயோகித்துக்கொள்ளலாம் என்று கூறினார். 1894-இல் அந்த ஓடை பெருகி ஊரைச் சூறையாடியதை நேரிற் கண்டவர்கள் அப்போது உயிரோடிருந்தும், அவருடைய யோசனை உடனே நிறைவேறவில்லை. பல தலைமுறைகளுக்குப் பின்னர்தான் ஓடைக்கரை நெடுகப் பாதை அமைந்தது. 2013 செப்டம்பரில், ஓராண்டில் பெய்யவேண்டிய மழையின் பெரும்பகுதி ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்தபோது, பாலங்களுக்கு அடியிற் செல்லும் அந்த நடைபாதைகளே வெள்ளம் வடிவதற்கு வழியாயின. மலைப்பாதைகள் பல அவ்வாண்டு அடியோடு அரித்துச் செல்லப்பட்டன என்பதும் உண்மை. அவற்றைச் செப்பனிடுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஷடாக்வாவின் புல்மேட்டிலிருந்து தெற்கு நோக்கி மேசா பாதை புறப்படுகிறது. எல்டொராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலைவாயில் ஊர் வரையில் ஏறக்குறைய 7 மைல் தூரம் செல்லும் அப்பாதை, உச்சிக்கு ஏறிவிடுவதும் இல்லை, சமவெளிக்கு இறங்கிவிடுவதும் இல்லை. மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, ஓடைப் பள்ளங்களில் இறங்கி மீண்டும் ஏறி, பைன் மரங்களின் நிழலிலும் திறந்த புல்லிலும் மாறிமாறிச் செல்கிறது. வெயில் ஏறினால் பாண்டரோசா பைன் மரத்தின் பட்டையிலிருந்து வெனிலாவை ஒத்த ஒரு வாசனை வரும் என்று கேள்விப்பட்டு, ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒரு மரத்தோடு மூக்கை வைத்து முகர்ந்தேன், கேள்விப்பட்டது உண்மைதான். வலப்புறம் தலைக்குமேல் பிளாட்டயர்ன்ஸ் என்னும் பாறைப் பலகைகள், சலவைக்காரர் வேலை முடிந்து நிமிர்த்திச் சாய்த்துவைத்த இஸ்திரிப் பெட்டிகளைப்போல் வரிசையாக நிற்கின்றன. ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மலைத்தொடர் தேய்ந்து, ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த மணலும் கூழாங்கல்லும் படிந்து இறுகிய பாறை அது. பிற்காலத்தில் இன்றைய ராக்கி மலைகள் மேலெழும்பியபோது, கிடையாகக் கிடந்த படிவம் நிமிர்ந்து சாய்ந்துவிட்டது. பாறையின் அருகிற்சென்று பார்த்தால் கூழாங்கற்கள் பதிந்திருப்பதைத் தடவிப் பார்க்கலாம்.

பாதையின் இடப்புறத்தில், மரங்களுக்கிடையே, ஊர் மிக அருகில் தெரிகிறது. கூரைகளும் தெருக்களும் ஓர் உயரம் வரையில் ஏறி வந்து, யாரோ கையை நீட்டித் தடுத்தாற்போல் ஒரே மட்டத்தில் நின்றுவிடுகின்றன. எதனால் நின்றன என்பதற்கு விடை காவலர்களோ வேலியோ அல்ல, தண்ணீர்க் குழாய்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இந்த ஊர் வளர்ந்த வேகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். சுங்கச் சாலை டென்வரை அருகிற் கொணர்ந்தது; மத்திய அரசின் அளவைத் தரநிலைக் கழகம் தன் ஆய்வுக்கூடத்தை 1954-இல் இங்கே திறந்தது; அணு ஆயுதத் தொழிற்சாலை ஒன்று தெற்கே வந்தது; பல்கலைக்கழகம் பெருகியது. 1950-இல் இருபதினாயிரம் பேர் இருந்த ஊரில் 1960-இல் முப்பத்தேழாயிரத்துக்கு மேலும், 1970-இல் அறுபத்தாறாயிரத்துக்கு மேலும் ஜனங்கள் நிறைந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும். காட்சி நன்றாக இருக்கும் இடத்தில் வீடு வேண்டும். ஆகவே மனைகள் மலையின்மேல் ஏறத் தொடங்கின. அச்சமயம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர், ராபர்ட் மெக்கெல்வி என்பவரும் ஆல்பர்ட் பார்ட்லெட் என்பவரும், வேறு சிலரும் சேர்ந்து யோசித்தார்கள். மலைச்சரிவில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம், வீடு கட்டாதே என்று அவர்களைத் தடுக்க நகரத்துக்கு அதிகாரமில்லை, வாங்கிவிடவோ பணமில்லை. ஆனால் குடிநீர் நகரத்தினுடையது. கடல்மட்டத்துக்கு மேல் 5,750 அடி உயரத்தில் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே நகரம் தண்ணீர் கொடுக்காது என்று ஊரின் மூலசாசனத்திலேயே எழுதிவிட்டால் எப்படி? 1959-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மக்கள் ஓட்டளித்து அவ்வாறே எழுதிவிட்டார்கள். அதுதான் நீலக்கோடு. 2016-இல் மறுபடியும் ஓட்டெடுத்து எல்லையைத் துல்லியப்படுத்தினார்களேயன்றி, அதை அழித்துவிடவில்லை.

பார்ட்லெட் பௌதிகப் பேராசிரியர். ஆண்டுக்கு இத்தனை சதவிகிதம் என்று அடக்கமாகச் சொல்லப்படும் வளர்ச்சி எத்தனை ஆண்டுகளில் இரட்டிப்பாகி, பிறகு நான்கு மடங்காகி, கடைசியில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை எளிய கணக்கால் விளக்கும் ஒரே பிரசங்கத்தை, 1969 முதல் தம் ஆயுள் முடியும் வரையில் ஆயிரத்து எழுநூறு தடவைக்கு மேல் நிகழ்த்தியவர் அவர். இரட்டிப்பு என்பது அவருக்குப் பாடப் புத்தகத்து விஷயமாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவர் குடியிருந்த ஊரே இருபது ஆண்டில் மும்மடங்காயிற்று. மலையின் சௌந்தரியத்தைப் பாடியவர்கள் இவ்வூரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஆனால் மலைக்கு உதவியது, குழாயில் நீர் எந்த உயரத்துக்கு ஏற்றப்படும் என்ற கேள்வியைக் கேட்டவரின் புத்திதான். கவிகள் என்மீது கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

கோடு கிழித்த இரண்டே ஆண்டுகளில் அதற்கு விலக்கும் கேட்கப்பட்டது. வளிமண்டல ஆராய்ச்சிக்கான தேசிய நிலையம், கோட்டுக்கு மேலிருந்த ஒரு மேட்டில் அமைய விரும்பியது. 1961-இல் மக்கள் ஓட்டளித்துச் சம்மதித்தார்கள். கட்டட நிபுணர் ஐ. எம். பெய், தென்மேற்குக் கொலராடோவில் மேசா வெர்டே என்னும் இடத்துப் பழங்குடி மக்கள் செங்குத்துப் பாறையின் குடைவில் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மலைப்பாறையின் நிறத்திலேயே கான்கிரீட் கலந்து அதைக் கட்டினார். கட்டடம் நிற்கும் இடம் போக மேட்டின் பெரும்பகுதி வெறும் புல்லாகவே விடப்பட்டிருக்கிறது. மேசா பாதையில் வருபவர் அங்கே தடையின்றி ஒதுங்கலாம். நான் ஒதுங்கியபோது, மான் ஒன்று விஞ்ஞானிகளின் ஜன்னலுக்கு நேர்கீழே நின்று, யாரையும் லட்சியம் செய்யாமல் மேய்ந்துகொண்டிருந்தது. விதியை இயற்றிய ஊரே அதற்கு விலக்களித்தது சரியா என்று கேட்டால், இந்தக் கட்டடத்தைப் பார்த்தபின் எனக்கு ஆட்சேபம் சொல்ல வாய் வரவில்லை.

தண்ணீரை மறுப்பதால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது என்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஷடாக்வாவுக்கு அடுத்துள்ள என்சான்டெட் மேசா என்ற மேட்டில் ஆடம்பர ஹோட்டல் ஒன்று வரப்போவதாகச் செய்தி பரவியபோது, 1962-இல் ஊரார் 105,000 டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட ஓட்டளித்து அந்த 155 ஏக்கரை வாங்கினார்கள். ஆனால் ஹோட்டல் வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் கடன் வாங்குவது எத்தனை நாளைக்குச் சாத்தியம்? நிரந்தரமான வருவாய் ஒன்று வேண்டியிருந்தது. 1967-ஆம் ஆண்டு நவம்பரில், கடையில் விற்கும் பொருளுக்கு டாலருக்கு ஒரு சென்ட் வீதம் புதிய விற்பனை வரி விதித்து, அதில் நூற்றுக்கு நாற்பது பங்கைத் திறந்தவெளி வாங்குவதற்கும், அறுபது பங்கைச் சாலைகளுக்கும் ஒதுக்குவதென்று மக்கள் ஓட்டளித்தார்கள். திறந்தவெளி வாங்குவதற்காகவே தன்மீது தானே வரி விதித்துக்கொண்ட முதல் அமெரிக்க நகரம் இதுவென்று கூறுகிறார்கள்.

இந்தப் பங்கீட்டை நான் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன். காரில் செல்பவனுக்கு அறுபது, காலால் நடப்பவனுக்கு நாற்பது. இருவரும் ஒரே சீட்டில் ஓட்டளித்தாலன்றி இருவருக்கும் கிடைக்காது. லட்சியவாதிகள் மட்டும் கூடி எழுதிய ஏற்பாடாக இது தோன்றவில்லை. சாலைக் குழிகளைப் பற்றிப் புகார் கேட்டுக் கேட்டுக் காது புளித்த நகரசபை உறுப்பினர் எவரோ அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் 1989-இலும் 2003-இலும் மக்கள் மேலும் சிறு சிறு பின்னங்களைக் கூட்டிக்கொண்டார்கள். இன்று திறந்தவெளிக்குச் செல்வது டாலருக்கு ஏறக்குறைய முக்கால் சென்ட். காலையில் நான் வாங்கிய ரொட்டித் துண்டிலும் மாலையில் வாங்கிய காலுறையிலும் அந்த முக்கால் சென்ட் இருந்தது. ரசீதை ஊன்றிப் பார்த்தாலும் தனியே தெரியாது.

வாங்குவது ஒரு கலையென்றால் விற்காமலிருப்பது மற்றொரு கலை. கஜானா வற்றிய ஆண்டில் ஓரிரு துண்டை விற்றுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று பிற்காலத்து நகரசபைக்குத் தோன்றக்கூடுமல்லவா? அதற்காக 1986-இல் மூலசாசனத்தை மறுபடியும் திருத்தினார்கள். குடிமக்கள் ஐவர் அடங்கிய தர்மகர்த்தாக் குழு ஒன்று 1973 முதல் இருந்துவருகிறது. திறந்தவெளி நிலத்தை விற்கவோ கைமாற்றவோ வேண்டுமானால், அவர்களுள் மூவராவது இசைய வேண்டும். நகரசபையும் இசைய வேண்டும். அதன்பின் குறிப்பிட்ட காலத்துக்குள் வாக்காளர்களிற் சிறு பகுதியினர் கையொப்பமிட்டு ஆட்சேபித்தால், ஊர் முழுவதும் ஓட்டளித்துத் தீர்மானிக்க வேண்டும். திறந்தவெளியின் நோக்கங்களும் அதே சாசனத்தில் எழுதப்பட்டிருக்கின்றன: நீர்வளமும் விவசாயமும் வனவிலங்கும் காக்கப்படுதல், ஊர் பரவாமல் தடுத்தல், வெள்ளநிலம், கண்ணுக்கினிய காட்சி, நடத்தல், புகைப்படம் எடுத்தல், இயற்கையைப் பயிலுதல். ஒரு நகரத்தின் அடிப்படைச் சட்டத்தில் புகைப்படம் எடுத்தலைக் கண்டது எனக்கு இதுவே முதல் தடவை.

மலைப்பக்கத்தில் நின்றுவிடும் யாத்திரிகர்கள் இந்த ஏற்பாட்டின் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ஊருக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள சமவெளிக்குப் போக வேண்டும். நகரத்தின் நிலத்தில் ஏறக்குறைய 15,000 ஏக்கர் குடியானவர்களுக்கும் மாட்டுப்பண்ணையார்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. சில இடங்களில் நிலத்தையே வாங்காமல், நிலம் உடையவரிடமே இருக்க, அதில் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நகரம் கிரயத்துக்கு வாங்கியிருக்கிறது. வறண்ட மேற்குப் பிரதேசத்தில் நிலத்தைவிட நீர் மதிப்புடையது. முதலில் எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதல் பாத்தியதை என்பது இங்கே சட்டம். ஆதலால் வயலை வாங்கும்போது பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்காலில் அதற்குள்ள பங்கையும் சேர்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பச்சை வயல் சில ஆண்டுகளில் முள்ளும் புழுதியுமாகிவிடும்.

தெற்குப் போல்டர் ஓடைக்கரைப் புல்வெளியில், வெண்ணிறப் பூக்கள் தண்டைச் சுற்றிப் பின்னலாக ஏறும் ஆர்க்கிட் செடி ஒன்று வளர்கிறது; அருகிவரும் இனமென்று 1992-இல் மத்திய அரசின் அட்டவணையில் இடம்பெற்ற செடி. மனிதன் கை படாத இடத்தில்தான் அரிய செடி பிழைக்கும் என்ற என் எண்ணத்துக்கு மாறாக, வாய்க்கால் நீர் பாய்ந்து, வைக்கோலுக்காகப் புல் அறுக்கப்பட்டு, மாடுகள் மேயும் நிலத்திலேயே அது செழிக்கிறது. குடியானவரின் கிரமமான வேலை நின்றால் செடியும் நின்றுவிடக்கூடும். காத்தல் என்றால் வேலி போட்டு விலகி நிற்றல் என்று நினைப்பவர்கள் இந்த வயல்வெளியில் ஒரு பிற்பகலைக் கழிக்க வேண்டும்.

இத்தனை நிலமும் பொதுவானபின் சண்டைக்குக் குறைவிருக்குமா? ஆண்டொன்றுக்கு அறுபது லட்சத்துக்கு மேற்பட்ட வருகைகள் இங்கே நிகழ்கின்றன. பாறை ஏறுகிறவர்களுக்குப் பல சிகரங்கள் பிப்ரவரி முதல் ஜூலை முடிய மூடப்படுகின்றன. வல்லூறும் பொன்னிறக் கழுகும் அங்கே குஞ்சு பொரிக்கும் காலம் அது. ஷடாக்வாவை ஒட்டிய மலைப்பாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. சைக்கிள்காரர்கள் அதை மன்னிக்கவில்லை. கிழக்கு வயல்களில் புல்வெளி நாய் என்று வழங்கப்படும் அணிலினத்துப் பிராணி வளை தோண்டிப் பயிரை அழிக்கிறதென்று குத்தகைதாரர் முறையிட, அதைக் கொல்லலாகாதென்று ஜீவகாருண்யர் வாதிட, இரண்டு பக்கத்துக்கும் நகரமே நிலச்சுவான்தாராக நின்று விழிக்கிறது. எல்லாவற்றிலும் காரசாரமான சர்ச்சை நாயைப் பற்றியது. குரல் கொடுத்தால் வரும், கண் பார்வையை விட்டு அகலாது என்ற உறுதியின்மேல் நாயைக் கட்டவிழ்த்து நடத்திச் செல்ல இவ்வூரில் அனுமதியுண்டு. ஆனால் அதற்கு எசமானர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டு, நாயின் கழுத்துக்குப் பச்சை வில்லை வாங்க வேண்டும். நாய்க்கு வகுப்பு இல்லை. பாதையில் நான் சந்தித்த முதிய பெண்மணி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, தம் நாயைச் சுட்டிக்காட்டி, "இதற்கு விதியெல்லாம் தெரியும், எனக்குத்தான் மறந்துவிடுகிறது" என்றார்.

தர்மகர்த்தாக் குழு மாதந்தோறும் கூடுகிறது. யார் வேண்டுமானாலும் சென்று பேசலாம். தலைக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குண்டு. அந்தக் கூட்டங்கள் அலுப்பூட்டுவன என்று பலரும் என்னை எச்சரித்தார்கள். அலுப்பூட்டுவனதான், ஆனால் ஒரு பாதையை ஐம்பது கஜம் தள்ளி அமைப்பதா வேண்டாமா என்பதற்காக வேலையை முடித்துக்கொண்டு மாலையில் வந்து காத்திருந்து பேசுகிறவர்கள் இருக்கும் வரையில்தான் அந்தச் சாசனத்துக்கு உயிர் இருக்கும் என்று தோன்றுகிறது.

ஊருக்குத் தெற்கே மார்ஷல் மேசா என்னும் பழைய நிலக்கரிச் சுரங்க மேட்டில் நடந்தால், பூமிக்கடியில் இன்னமும் கனன்றுகொண்டிருக்கும் நிலக்கரியைப் பற்றிய எச்சரிக்கைகளைக் காணலாம். அதனருகே தொடங்கி, 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டிய காற்றில் காய்ந்த புல்வெளியைத் தாண்டி ஓடிய நெருப்பு, லூயிவில், சுப்பீரியர் என்ற பக்கத்து ஊர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ஒரே பகலில் சாம்பலாக்கியது. அதுமுதல் இப்பிரதேசத்தில் புல்வெளியைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. கட்டாமல் விட்ட நிலம் ஊருக்குக் காப்பு என்று இருந்த நம்பிக்கையோடு, அதே நிலம் நெருப்புக்கு வழியாகிவிடலாம் என்ற அச்சமும் சேர்ந்திருக்கிறது. மேய்ச்சலையும் புல்லறுப்பையும் பற்றிய பேச்சு இப்போது அழகையும் பறவையையும் பற்றியது மட்டுமன்று.

இந்நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்டால் பண்ணைக்காரர் பெயரைச் சொல்வார்கள். அதற்கு முன்னால் கேட்டால் அரபாஹோ மக்களைச் சொல்ல வேண்டும். 1851-ஆம் ஆண்டு உடன்படிக்கை இப்பிரதேசம் ஷயான், அரபாஹோ மக்களுடையது என்று ஒப்புக்கொண்டது. 1858-இல் தங்கம் தேடி வந்தவர்கள் போல்டரில் கூடாரம் அடித்தார்கள். 1864-இல் ஊருக்கு அருகில் சேம்பர்ஸ் கோட்டையில் போர்ப்பயிற்சி பெற்ற போல்டர்வாசிகள், அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் தேதி சாண்ட் கிரீக் என்ற இடத்தில், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக இருந்த முகாமின்மீது பாய்ந்து கொன்ற படையில் இருந்தார்கள். கோட்டை இருந்த நிலத்தை 2018-இல் திறந்தவெளி வரிப்பணத்தில் நகரம் வாங்கியிருக்கிறது; அதை என்ன செய்வது என்பதைப் பற்றிப் பழங்குடி அரசுகளோடு பேசிவருகிறது. முதலில் குடியேறியவர்களின் நினைவாகப் பெயரிட்டிருந்த ஒரு பூங்காவின் பெயரையும் 2021-இல் அப்பழங்குடி அரசுகளின் யோசனைப்படி மாற்றியிருக்கிறது. ஓக்லஹோமாவிலும் வயோமிங்கிலும் போய் வாழும்படி ஆனவர்களுக்கு ஒரு பூங்காவின் பெயர்ப்பலகை எந்த அளவுக்கு ஈடாகும் என்பதை நான் சொல்லத் துணியேன். ஆனால் நிலத்தை வாங்கும் அலுவலகமே நிலத்தின் பழைய கணக்கையும் எடுத்துப் பார்க்க நேர்ந்திருப்பது, வேறு ஊர்களில் நான் கண்டிராத விஷயம்.

இப்போது வாழ்கிறவர்களின் கணக்கும் ஒன்று உண்டு. சுற்றிலும் விலைக்கு வராத நிலம். மேற்கே தண்ணீர் ஏறாத கோடு. 1976-இல் பால் டேனிஷ் என்பவர் முயற்சியால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சதவிகிதத்துக்கு மேல் வீடுகள் பெருகலாகாதென்று விதித்து, 2023 வரை நடைமுறையில் இருந்த வரம்பு. நடுவே பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் கம்பெனிகளும். இவையெல்லாம் கூடியபின் வீட்டு விலை ஏறாமல் என்ன செய்யும்? தனி வீடு ஒன்று பத்து லட்சம் டாலருக்கு மேல் விற்கிறது. உயரமான கட்டடங்களையும் ஊரார் விரும்பாததால், பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வழியற்றுப் போய், பல்லாயிரவர் நாள்தோறும் வெளியூரிலிருந்து வந்து வேலை செய்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் திரும்பும் வழியில்தான் அந்த அழகிய புல்வெளி இருக்கிறது. நிலத்தைக் காத்தது தவறென்று இதனால் நான் கூறவில்லை. காத்த நிலத்துக்கு உள்ளே இருக்கும் நிலத்தில் இன்னும் தாராளமாக வீடுகளுக்கு இடமளித்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம். இவ்வூரிலேயே அப்படி எண்ணுகிறவர்கள் இப்போது அதிகமாகி வருகிறார்கள். சிலர் தேர்தலிலும் வெல்கிறார்கள்.

மேசா பாதையின் தெற்கு முனையில், கார் நிறுத்துமிடத்தில் ஒரு சிறு பலகை இருக்கிறது. போல்டர் கவுண்டியில் பதிவுபெற்ற வண்டிகளுக்குக் கட்டணமில்லை. மற்ற வண்டிகளுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர். பஸ் வருமிடத்துக்கு என்னைத் தம் வண்டியில் கொண்டுபோய் விட்ட இளைஞர், போல்டரில் ஒரு போஜனசாலையில் வேலை செய்கிறவர். வீடு பக்கத்துக் கவுண்டியில். வாரம் ஐந்து நாட்கள் போல்டரிலேயே சாமான்கள் வாங்குகிறார். ஆகவே டாலருக்கு முக்கால் சென்ட் வீதம் மலைக்கு அவரும் கொடுத்துவருகிறார். ஊரில் குடியில்லாததால், அந்த வரியை நீட்டிப்பதா, கூட்டுவதா, எங்கே செலவிடுவது என்பதில் அவருக்கு ஓட்டில்லை. நான் இதை விளக்கிச் சொன்னபோது அவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை என்றார்; ஐந்து டாலர் சீட்டைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் சேர்ந்திருந்த பழைய சீட்டுகளோடு போட்டுவிட்டு, அடுத்த வாரம் விடுமுறை நாளில் பேர் சிகரத்தின் உச்சி வரை, 8,461 அடிக்கு, ஏறப்போவதாகவும், இருட்டோடு வந்தால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும் என்றும் சொன்னார்.